பூங்காவில் நம் கால் படும் மண்

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் யாழ்ப்பாணம் ஆரியகுளத்தடியில் நின்றபோது என் மருமகள் கேட்டாள்: "மாமி, இந்தத் தண்ணி முழுக்க எங்கை போகும்?" அவளுக்கு ஆறு வயது. வெயில் குடித்துவிடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அது பாதிப் பதில்தான். மற்றப் பாதி நாங்கள் நின்ற நிலத்துக்குக் கீழே இறங்கி, அவள் விடிய எழும்பி முகம் கழுவும் கிணறு போன்ற கிணறுகளுக்குப் போகிறது. அதை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த அன்று எனக்குச் சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், பெரியவர்களாகிய எங்களில் பலருக்கும் அது விளங்கியிருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. இந்தக் கட்டுரை அப்படித் தொடங்கியது.

மரமும் குளமும் நடைவழியும் ஒரே வேலிக்குள் இருக்கிற பூங்கா யாழ்ப்பாண நகரத்தில் கிடையாது. மரம் ஓரிடத்தில், குளம் இன்னோரிடத்தில். சுண்டிக்குளியில் கண்டி வீதியோரம் பழைய பூங்கா இருக்கிறது. அங்கே நிழல் தாராளம். பொது நூலகத்துக்கு எதிரே சுப்பிரமணியம் பூங்கா, பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் இடம். குளம் பார்க்க வேண்டுமென்றால் ஆரியகுளத்துக்கோ, வீரசிங்கம் மண்டபத்துப் பக்கம் புல்லுக்குளத்துக்கோ, நல்லூரில் 'ப' வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரிக்கோ போக வேண்டும். அரை நாள் ஒதுக்கிச் சைக்கிளில் வெளிக்கிட்டால் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடலாம். அப்படிச் சுற்றும்போது ஒன்று தெரியவரும். வீதிகளும் வீடுகளும் நடுவில் வந்து பிரித்து வைத்திருந்தாலும், இந்த மரங்களும் இந்தக் குளங்களும் செய்வது ஒரே வேலையைத்தான்.

அந்த வேலை என்னவென்று விளங்க முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடலுக்கடியில் படிந்து, மயோசீன் என்ற மிகப் பழைய புவிக் காலத்தில் உருவான பாறை அது. மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடியது. அதனால் உள்ளே வெடிப்பும் துளையும் குகையுமாக இருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் குகைகளின் வாய்கள்தான். இப்படிப்பட்ட நிலத்தில் ஆறு ஓடாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் விதிவிலக்கு. விழும் மழையில் ஒரு பங்கு வெள்ளமாகக் கடலுக்கு ஓடும், ஒரு பங்கு ஆவியாகும், மிச்சம் கல்லுக்குள் இறங்கும். எங்களுக்கென்று இருப்பது அந்த மிச்சம் மட்டும்தான்.

இறங்கிய தண்ணீர் கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. நாலு பக்கமும் கடலும் கடனீரேரியும் இருப்பதால் ஆழத்தில் உப்புநீர் புகுந்திருக்கும். நன்னீர் அதைவிட இலேசானது என்பதால் வில்லை போல மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியல்காரர் சொல்லும் பொதுக் கணக்கு. எங்கள் கல் ஓட்டை நிறைந்தது, இரண்டு நீரும் கலந்துவிடும், ஆகவே நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஆனால் கணக்கின் திசை முக்கியம். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே பல அடி குறையும். கோடையில் மோட்டரைப் போட்டு இறைக்க இறைக்கக் கிணறு உவராவது இதனால்தான். வருடத்துக்கு 1200, 1300 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்துக்குள் எவ்வளவு தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குகிறோமோ, அதுதான் அடுத்த ஒன்பது மாதத்துக்கு.

சரி, இதில் பூங்காவுக்கு என்ன பங்கு?

பழைய பூங்கா பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கியது. 1829 தொடங்கி 1867 இல் இறக்கும்வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, வடக்கின் நிருவாகம் அவர் கையில் இருந்தது. 'வடக்கின் ராசா' என்றே அவரைச் சொன்னார்கள். ஏறக்குறைய 27 ஏக்கர் காணியில் தனக்கு வீடும், கச்சேரி என்ற அரச பணிமனையும் கட்டி, சுற்றிலும் மரம் நட்டார். அந்த வீடு போய்விட்டது. போரில் சிதைந்த பழைய கச்சேரியின் சுவர்கள் கூரையில்லாமல் இன்னும் நிற்கின்றன. அரசின் அதிகாரத்தைக் காட்டக் கட்டிய கட்டடம் விழுந்து, நிழலுக்காக வைத்த மரங்கள் மிஞ்சியது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனதைத் தொடும். உயிரோடு இருப்பதில் அந்தக் காணியின் மிகப் பழைய பொதுச் சொத்து அந்த மரங்கள்தான்.

உள்ளே போனவுடன் உணர்வது குளிர்ச்சியை. கண்டி வீதியின் தார் அனலிலிருந்து பத்து எட்டு வைத்தால் தோலே வித்தியாசத்தைச் சொல்லும். நிழல் அதற்குப் பாதிக் காரணம். மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலையால் ஆவியாக விடுகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். தகரக் கூரையின் நிழலும் மரத்தின் நிழலும் ஒன்றாக இராததற்கு இதுவே காரணம்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது மரத்தின் அடியைப் பற்றி.

மாரி மழையின் பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அப்படி விழும் துளி மண்ணை உடைத்துத் தூளாக்கும். அந்தத் தூள் மண்ணின் சின்னச் சின்னத் துளைகளை அடைத்து, மேலே ஒரு தோல் போலப் படியும். பிறகு விழும் மழை உள்ளே போக வழியில்லாமல் வழிந்து ஓடும். மரத்தின் கொப்புகள் இந்தத் துளியைத் தடுத்துவிடும் என்றுதான் நினைப்போம். உயரமான மரத்தில் அது முழு உண்மையில்லை. இலையில் சேர்ந்து பெருத்த துளி முப்பது நாற்பது அடியிலிருந்து மறுபடி விழும்போது இழந்த வேகத்தை ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பெற்றுவிடுகிறது. அதைத் தாங்குவது கீழே கிடக்கும் சருகு. மூன்று நாலு விரல் தடிப்புக்குச் சருகு கிடந்தால் துளி அதில் விழுந்து சாகும், தண்ணீர் மட்டும் மெல்ல மண்ணுக்குள் போகும். சருகைத் தின்ன வரும் மண்புழுவும் கறையானும் மண்ணில் துளை போட்டு வழி திறந்து வைக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஏக்கரில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 40,000 லீற்றர். 27 ஏக்கருக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டும். 10,000 லீற்றர் பௌசரில் கொண்டுவந்தால் நூறு தடவைக்கு மேல் ஓட வேண்டும். சாதாரண ஒரு மழை நாளில், ஒரு பூங்காவில் விழும் தண்ணீர் இவ்வளவு. அதில் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வாய்க்காலில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே நம் கால் படும் மண் எப்படி இருக்கிறது என்பதுதான்.

நகரத்தின் ஒரு பொது இடத்தில், எந்த இடமென்று சொல்ல விரும்பவில்லை, ஒருநாள் விடியப் போனபோது ஓர் ஐயா ஈர்க்கு விளக்குமாற்றால் மரத்தடியைத் துப்புரவாகக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறு இழுத்த கோடுகள் விசிறி விசிறியாக மண்ணில் கிடந்தன. ஒரு சருகு இல்லை. மூலையில் குவித்த குப்பை புகைந்துகொண்டிருந்தது. "ஐயா, இதை அப்பிடியே விட்டால் மரத்துக்கு நல்லதெல்லோ?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாதே பிள்ளை? நான் தோட்டக்காரன்ரை மகன். ஆனால் கூட்டாட்டி எனக்குத்தான் பேச்சு விழும்." அவர் சொன்னது நியாயம். குற்றம் அவர் மேல் இல்லை. முற்றம் கூட்டிச் சாணம் தெளிக்கிற ஊர் இது. மண் தெரியக் கூட்டிய இடம்தான் எங்கள் கண்ணுக்குத் துப்புரவு. வீட்டு முற்றத்துக்கு அது பொருந்தும், பாம்பு பூச்சி தெரிய வேண்டுமே. மரத்தடிக்குப் பொருந்தாது.

தோட்டக்காரரின் மகன் என்று அவர் சொன்னதில் பெரிய விசயம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கமக்காரர் குழை தாழ்த்தியவர்கள். பூவரசங்குழையையும் கிடைத்த மற்றக் குழைகளையும் வெட்டி, புகையிலைத் தோட்டத்திலும் தென்னையடியிலும் புதைத்து மண்ணை வளர்த்தார்கள். வேலியில் பூவரசும் கிளுவையும் நின்றது எல்லைக்காக மட்டுமா? வண்டி கட்டிக் குழை கொண்டுவந்த ஊர், இன்று கூலி கொடுத்து இலையைக் கூட்டி எரிக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

சருகை விட்டால் நுளம்பு வராதா என்று கேட்பார்கள். மாரி வந்தால் டெங்கு வரும் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவது சின்னப் பாத்திரங்களில் தேங்கி நிற்கும் நீரில். யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பிளாஸ்ரிக் பை மடிப்பு. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மழை பட்டால் பொரித்து ஒன்று ஒன்றரைக் கிழமையில் பறக்கும். சருகு மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் அதில் தண்ணீர் தேங்காது. சருகுக்குள் ஒளிந்து கிடக்கும் கோப்பைதான் ஆபத்து. ஆகவே கோப்பையைப் பொறுக்குங்கள், இலையை விடுங்கள். இரண்டையும் ஒரே விளக்குமாற்றால் தள்ளுவதுதான் இப்போதைய பிழை. குளத்துக்கும் இதையே சொல்லலாம். மீனும் தும்பிப் புழுவும் இருக்கிற குளத்தில் நுளம்புக் குடம்பி தப்புவது கடினம். கழிவுநீர் விட்டு மீனைக் கொன்ற குளத்தில்தான் அது பெருகும்.

மரத்தைச் சுற்றிச் சீமெந்துக் கட்டுக் கட்டி இருக்கை ஆக்குவது இன்னொரு பழக்கம். அழகாகத்தான் இருக்கும், நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள் இருக்கிறது, கொப்பு விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவுகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். கட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது சில வேர் போகும். உள்ளே மண்ணை நிரப்பி மூடினால் அடிமரம் ஈரத்தில் அழுகத் தொடங்கும். மரம் உடனே சாகாது. பத்து வருடம் கழித்து ஒரு புயலில் சாயும்போது புயலைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள்.

நடைவழிக்கும் இதே நியாயம் உண்டு. ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையைக் கூர்ந்து பார்த்தால் மண் கல்லுப்போல் இறுகியிருக்கும், மழை பெய்தால் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும். மண் இறுகுவதில் பெரும்பகுதி முதற் சில நடைகளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு ஆயிரம் பேர் நடந்தாலும் புதிதாகச் சேரும் சேதம் கொஞ்சம்தான். அதனால் பழைய பாதையில் நடப்பவர் பூங்காவுக்குக் கெடுதல் செய்வதில்லை, குறுக்கே விழுந்து புதுப் பாதை போடுபவர்தான் செய்கிறார். மோட்டார் சைக்கிளை மரத்தடி வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவது அதைவிடக் கூடாது.

இனிக் குளத்துக்கு வருவோம். குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. ஆறில்லாத ஊரில் இத்தனை குளத்தை வெட்டியவர்கள் பாசனத்துக்காக மட்டும் வெட்டவில்லை. அநுராதபுரத்துக் குளங்கள் தண்ணீரைப் பிடித்து வாய்க்காலில் விடுபவை. எங்கள் குளங்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பிடித்துக் கீழே விடுபவை. இந்த வித்தியாசம் விளங்காதபோதுதான் குளத்தைத் திருத்துகிறோம் என்று கெடுத்துவிடுகிறோம்.

முதலாவது, எங்கள் குளம் கோடையில் வற்றினால் அது பிழையல்ல. ஆனி, ஆடியில் குளத்தின் அடி வெடித்துக் கிடப்பதைப் பார்த்து "குளம் செத்துப்போச்சு" என்பார்கள். கீழே போகத்தானே அது வெட்டப்பட்டது. காய்ந்த சேறு காற்றுப் பட்டுக் கழிவை மக்கச் செய்கிறது. வற்றி வரும் குளத்தில்தான் கொக்கும் நாரையும் இறங்கும், ஒதுங்கிய மீனுக்கு அவை வரிசையில் நிற்பதைப் பார்க்க வைகாசியில் போக வேண்டும். வருடம் முழுக்கத் தளும்பி நிற்க வேண்டுமென்று ஆசைப்பட்டு அடியைச் சீமெந்தால் பூசினால், அல்லது கிணற்றை இறைத்துக் குளத்தை நிரப்பினால், காட்சி கிடைக்கும், குளத்தின் வேலை நின்றுவிடும்.

அடுத்தது தூர். மாரி வெள்ளம் கொண்டுவரும் நுண்மண் ஆண்டுதோறும் அடியில் படிந்து, வடிகட்டியில் அழுக்கு அடைப்பது போல அடைத்துவிடுகிறது. முன்பு கோடையில் அந்த வண்டலை அள்ளி வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டார்கள். குளம் ஆழமானது, தோட்டம் செழித்தது. இப்போது யந்திரம் வந்து ஒரே நாளில் தோண்டுகிறது. எவ்வளவு ஆழம் என்பதில் கவனம் வேண்டும். அடியில் மிச்சமிருக்கும் மெல்லிய களிப்படை அழுக்கை வடிக்கிறது. அதையும் சுரண்டிக் கல்லைத் திறந்துவிட்டால் வீதி எண்ணெயும் கழிவும் வடியாமல் நேரே நிலத்தடி நீருக்குள் விழும்.

மூன்றாவதை நான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். குளம் தனியே நிற்கும் பொருளல்ல. அதற்கு நீர் வரும் வாய்க்கால் உண்டு, நிறைந்தால் போகும் வாய்க்கால் உண்டு. குளத்தின் முகத்தில் நேரே விழும் மழை கொஞ்சம்தான், சுற்று வட்டாரத்து வெள்ளம் வந்தால்தான் அது நிறையும். வாய்க்காலை மதிலும் கடையும் மூடிவிட்ட இடத்தில், குளம் அரைகுறையாகக் கிடக்க, பக்கத்து ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடித்தபோது தண்ணீர் தன் பழைய வழிகளைத் தேடி வீடுகளுக்குள் போனதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆரியகுளம் 2021 இன் கடைசியில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அதற்கு முன் குப்பையும் பாசியுமாகக் கிடந்த இடம் அது, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவோம். இப்போது பின்னேரங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள், விளக்குகள் தண்ணீரில் விழுகின்றன, கச்சான் விற்பவருக்கும் வியாபாரம். மக்கள் குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியது பெரிய காரியம். முகம் திருப்பிய குளத்தில் குப்பை கொட்டுவது கடினம். அந்தக் கரையில் நடப்பவர்கள் விளக்கை எண்ணுவதோடு, தண்ணீர் எந்த வாயால் உள்ளே வருகிறது என்றும் ஒருதரம் தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குளக்கரையில் என்ன மரம் வைப்பது என்று கேட்டால் என் பதில் மருது. ஈரத்தைத் தாங்கும், கரையை வேரால் கட்டிப்பிடிக்கும். மானிப்பாயில் பிள்ளையாரே மருதடி விநாயகராகத்தானே இருக்கிறார். இலுப்பையும் நல்லது, அதன் பூவுக்கும் பழத்துக்கும் வௌவால் வரும். ஆகாயத் தாமரையை மட்டும் பூ அழகென்று யாரும் கொண்டுவந்து விடக்கூடாது. 1909 இலேயே அதை ஒழிக்க இலங்கையில் சட்டம் போட்டார்கள், இன்னும் ஒழிந்தபாடில்லை.

போக நல்ல காலம் தை, மாசி. மழை விட்டிருக்கும், குளத்தில் தண்ணீர் நிற்கும், வெயில் ஏறியிராது. விடிய ஆறரைக்குப் பழைய பூங்காப் பக்கம் போனால் புலுனிக் குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு ஏழெட்டாகத் துள்ளும். சருகில்லாத இடத்தில் அவை இறங்காது, அதுவே ஒரு பரிசோதனை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். கூட்டிய மண்ணில் கொஞ்சம், சருகு கிடக்கும் மண்ணில் கொஞ்சம், நடைவழியில் கொஞ்சம் ஊற்றி, எது முதலில் உள்ளே போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான் மருமகளோடு செய்தேன். சருகு மண்ணில் ஐந்து எண்ணுவதற்குள் போய்விட்டது. நடைவழியில் நூறு எண்ணியும் பளபளத்துக்கொண்டு நின்றது. அவளுக்கு எண்ணி அலுத்துப்போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கிணற்றுக் கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்த்தாள். ஆவணியில் நாங்கள் இருவரும் அப்படி எட்டிப் பார்த்தபோது, கட்டுக்கல் முடிந்து, வெறும் முருகைக்கல் தெரிந்து, அதற்கும் கீழே கறுப்பாகத் தண்ணீர் கிடந்தது. இப்போது முருகைக்கல்லில் பாதி மறைந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு கிணற்றுக்குள்ளேயே கத்தினாள், எதிரொலியும் சேர்ந்து வந்தது: "மாமி, இஞ்சை நிக்குது!"